ஈகைக்காக ஓடிய கால்கள்

பிறர் துயர் கண்டு இரங்குதல் மனிதர்க்கு இயல்பு. இரங்கியதோடு நில்லாது கையிலுள்ளதைக் கொடுத்தல் அதனினும் சிறப்பு. ஆனால், கொடுப்பதற்குக் கையில் ஒன்றும் இல்லாதவன் யாது செய்வான்? இளைஞரிற் பெரும்பாலோரின் நிலை இதுவேயாம். பொருள் பெரியோரிடம் இருக்கிறது. இளைஞரிடம் இருப்பன இரண்டு கால்களும், விழுந்தாலும் நாளை எழுந்து மீண்டும் முயலலாம் என்ற துணிவுமே. அந்தக் கால்களையும் அந்தத் துணிவையுமே முதலாக இட்டு, பசித்தோருக்கும் நோயாளருக்கும் பொருள் திரட்டியவர்கள் உலகில் உளர். அவர்கள் கையாண்ட வழி நெடுந்தூர ஓட்டம். அவ்வழி எவ்வாறு தோன்றி வளர்ந்தது என்பதையும், அதனின்றும் நாம் கற்க வேண்டியது யாது என்பதையும் ஆராய்வதே இச்சிறு கட்டுரையின் நோக்கமாகும்.

மரதன் ஓட்டம் என்ற பெயர் நம்மவர்க்குப் புதிதன்று. பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டி நெருங்கும்போது மரதன் ஓட்டமும் நடக்கும். ஊர் ஒழுங்கைகளில் மாணவர் ஓடிவர, படலை தோறும் வாளியும் செம்புமாகத் தாய்மார் நின்று தண்ணீர் ஊற்றுவதை யார்தான் கண்டிலர்? ஐந்தாறு மைல் தூரத்தையே நாம் அங்கு மரதன் என்று அழைத்துவிடுகிறோம். முழு மரதனோ 26 மைல் 385 யார், அதாவது 42.195 கிலோமீற்றர். யாழ்ப்பாண நகரில் தொடங்கிப் பருத்தித்துறை வரை ஓடி முடித்த பின்னும் மேலும் சில மைல் மிஞ்சியிருக்கும். இதனை முதன்முறையாக ஓடத் துணிபவன், ஒரு நாட் காலையில் நினைத்து மறுநாட் காலையில் ஓடிவிட முடியாது. மாதக் கணக்கிற் பயில வேண்டும். அந்தப் பயிற்சிக்கும் ஈகைக்கும் உள்ள தொடர்பே இக்கட்டுரையின் உயிர்நாடி.

பழைய கதையில் மறைந்திருக்கும் செய்தி

மரதன் என்பது கிரேக்க நாட்டில் உள்ள ஒரு சமவெளி. கி. மு. 490 ஆம் ஆண்டில் அங்கே ஏதென்ஸ் நகரத்தார் பாரசீகப் பெரும்படையை எதிர்த்து வென்றனர். வெற்றிச் செய்தியைச் சுமந்து ஏதென்ஸ் வரை ஓடிய தூதன் ஒருவன், செய்தியைச் சொன்னவுடன் வீழ்ந்து இறந்தான் என்பது பலரும் கேட்ட கதை. ஆங்கிலக் கவிஞர் றொபேட் பிரௌணிங் 1879 இல் இதனைப் பாடிப் புகழ் பரப்பினார். ஆனால் அப்போர் நடந்த நூற்றாண்டிலேயே வாழ்ந்த வரலாற்றாசிரியர் ஹெரொடோட்டஸ் இக்கதையைக் கூறவில்லை. இது பல நூற்றாண்டு பிந்திய நூலாசிரியர்களிடமே காணப்படுகிறது. ஹெரொடோட்டஸ் கூறுவது வேறு. பைடிப்பிடிஸ் என்னும் தூதன் போருக்கு முன்னர் ஏதென்சிலிருந்து ஸ்பாட்டா நகருக்கு ஓடினான். மறுநாளே அங்கு சேர்ந்தான். அத்தூரம் ஏறக்குறைய 240 கிலோமீற்றர். அவன் ஓடியது வெற்றியை முழங்குவதற்கன்று. ஆபத்திலிருந்த தன் நகருக்காக உதவி கேட்பதற்கு!

ஸ்பாட்டா நகரத்தார் என்ன செய்தனர்? தங்கள் வழக்கப்படி பூரணை கழியுமுன் படையெடுத்தல் ஆகாது என்றனர். அவர்கள் வந்து சேர்ந்தபோது போர் முடிந்துவிட்டது. எவ்வளவு தூரம் ஓடி வந்து கேட்டாலும் கேட்கப்பட்டவர் உள்ளம் அசையாவிட்டால் பயனில்லை என்பதை இந்த முதல் ஓட்டமே காட்டிவிட்டது. ஆகவே ஓடுதல் ஒரு கலை; கேட்டல் மற்றொரு கலை. இரண்டையும் ஒருங்கே பயின்றவர்களே பின்னாளில் வெற்றி கண்டனர்.

1896 ஆம் ஆண்டில் ஒலிம்பிக் விளையாட்டுகள் ஏதென்சிற் புத்துயிர் பெற்றபோது, மிஷேல் பிரெயால் என்னும் பிரெஞ்சு அறிஞரின் யோசனைப்படி மரதன் ஓட்டமும் சேர்க்கப்பட்டது. ஏறக்குறைய 40 கிலோமீற்றர் கொண்ட அந்த ஓட்டத்தில் ஸ்பிரிடோன் லூயிஸ் என்ற தண்ணீர் சுமக்கும் தொழிலாளி வெற்றி பெற்றார். மறு ஆண்டில் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் ஆண்டுதோறும் நடக்கும் மரதன் ஓட்டம் தொடங்கியது. இன்று வழங்கும் தூரம் 1908 இலண்டன் ஒலிம்பிக்கில் முதன்முறையாக ஓடப்பட்டு, 1921 இல் நிலைபெற்றது.

பசித்த நாட்டுக்காக ஓடியவர்

ஸ்ரைலியானோஸ் கிரியாக்கிடிஸ் 1910 இல் சைப்பிரஸ் தீவிலே பிறந்தவர். 1936 இல் பேர்லின் ஒலிம்பிக் மரதனிற் கிரேக்க நாட்டின் சார்பில் ஓடி 11 ஆம் இடம் பெற்றார். 1938 இற் பொஸ்ரன் ஓட்டத்திற் கலந்துகொண்டவர், புதிய சப்பாத்து உராய்ந்து காலிற் கொப்புளம் கண்டமையால் இடையில் நின்றார். பயிலும்போது பழகாத சப்பாத்தை ஓட்டத்தன்று அணியலாகாது என்று இன்றும் புதியவர்க்கு ஆசிரியர் கூறும் அறிவுரை எத்துணை உண்மை!

பின்னர் உலகப் போர் வந்தது. ஜேர்மனியரும் அவர்தம் துணைவரும் கிரேக்க நாட்டைக் கைப்பற்றினர். 1941 ஆம் ஆண்டின் மாரி காலத்தில் ஏதென்ஸ் வீதிகளிலே மக்கள் பட்டினியால் வீழ்ந்து மாண்டனர். போர் ஓய்ந்த பின்னும் நாட்டின் வறுமை ஓயவில்லை. இந்நிலையில் 36 வயதான கிரியாக்கிடிஸ் மீண்டும் பொஸ்ரன் செல்லத் துணிந்தார். அவர் நாடியது வெற்றிக் கிண்ணத்தையன்று. வெற்றி பெற்றால் அமெரிக்க மக்கள் தம் சொல்லுக்குச் செவி சாய்ப்பர். அப்போது கிரேக்கரின் பசியை எடுத்துரைக்கலாம் என்பதே அவர் எண்ணம். பல ஆண்டுகளாக மரதன் எதிலும் ஓடாதவர். போதிய உணவின்றி மெலிந்தவர். அவர் நிலை கண்ட பொஸ்ரன் வைத்தியர்கள் ஓட விடுவதற்கே தயங்கினர்.

1946 ஆம் ஆண்டு ஏப்பிரல் 20 ஆந் திகதி ஓட்டம் நடந்தது. அதற்கு முந்திய ஆண்டில் வென்ற ஜோன் கெலி என்பவரோடு அவர் நெடுந்தூரம் தோளோடு தோளாக ஓடினார். இறுதிப் பகுதியில் முந்திச் சென்று 2 மணி 29 நிமிடம் 27 வினாடியில் முதலாவதாக வந்தார். மறுநாட் பத்திரிகைகள் யாவும் அவர் பெயரைத் தாங்கி வந்தன. அவர் உடனே தாயகம் திரும்பினாரல்லர். ஒரு மாதம் வரையில் அங்குத் தங்கி, கூட்டங்களிற் பேசி, உணவும் மருந்தும் உடையும் பணமும் கேட்டார். கேட்டவை கிடைத்தன. அவர் திரும்பி வந்தபோது ஏதென்ஸ் மாநகரே திரண்டு வரவேற்றது. பைடிப்பிடிஸ் ஸ்பாட்டாவிலே பெறாததை, கிரியாக்கிடிஸ் பொஸ்ரனிலே பெற்றார் என்னலாம்.

ஆயினும் ஒன்று. கிரியாக்கிடிஸ் வென்றமையாலேயே அவர் குரல் கேட்டது. தோற்றிருந்தால்? முதலிடம் பெறக்கூடியவர் நாட்டுக்கு ஒருவரோ இருவரோதான். அவர்களுக்கு மட்டுமே இவ்வழி திறந்திருக்குமாயின் நம்போன்றோர்க்கு இதனாற் பயனில்லை. ஈற்றில் வருபவனும் ஈகைக்காக ஓடலாம் என்று காட்ட மற்றொருவர் வேண்டியிருந்தது.

கடைசியாக வந்த ஓட்டக்காரன்

ரெறி பொக்ஸ் 1958 ஆம் ஆண்டு யூலை 28 இற் கனடாவின் வினிப்பெக் நகரிற் பிறந்தார். வளர்ந்தது மேற்குக் கரையிலுள்ள பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில். சைமன் பிரேசர் பல்கலைக்கழகத்தில் மாணவராகிக் கூடைப்பந்தாட்டக் குழுவிலும் இடம்பெற்றார். 1977 மார்ச்சு மாதத்தில் அவருடைய வலது முழங்காலில் எலும்புப் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. முழங்காலுக்கு மேலாகக் கால் துண்டிக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 18.

சத்திர சிகிச்சைக்கு முதல்நாள் இரவு, அவருடைய பழைய பாடசாலைப் பயிற்றாசிரியர் ஒரு சஞ்சிகையைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு காலை இழந்த டிக் ரோம் என்பவர் 1976 இல் நியூயோர்க் மரதனை ஓடி முடித்த செய்தி அதில் இருந்தது. அக்கட்டுரை இளைஞனின் மனத்தில் வித்தாயிற்று. அதனை வளர்த்த நீர் வேறு. 16 மாதங்கள் மருந்துச் சிகிச்சை பெற்றபோது, தம்மிலும் இளைய பிள்ளைகள் அந்த வைத்தியசாலையில் வேதனையுற்று மடிவதை அவர் கண்டார். தாம் பிழைத்து வெளியேறுவதும் அவர்கள் பிழையாது போவதும் அவரை உறுத்தின. புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பொருள் வேண்டும். அதனைத் தாமே திரட்ட வேண்டும். அதற்காகக் கனடாவின் கீழ்க்கரை தொடங்கி மேல்கரை வரை ஓட வேண்டும் என்று தீர்மானித்தார்.

1979 பெப்ருவரியிற் பயிற்சி தொடங்கியது. முதல்நாள் ஓடியது அரை மைல்தான். செயற்கைக் கால் அந்நாளில் நடப்பதற்காகச் செய்யப்பட்டது, ஓடுவதற்கன்று. நல்ல காலால் இருமுறை துள்ளி, செயற்கைக் காலை ஒருமுறை வீசி வைப்பதே அவர் ஓட்டம். துண்டித்த இடத்தில் தோல் உரிந்து குருதி கசியும். ஒரு கிழமைக்குப் பின் இன்னும் அரை மைல்; பின்னர் மேலும் சிறிது. இவ்வாறு அடிமேல் அடியாக உயர்த்தி, அந்த ஆண்டின் இறுதிப் பகுதியில் ஒரு நாளும் தவறாது தொடர்ந்து 101 நாட்கள் ஓடினார். நத்தார்த் தினத்தன்று மட்டும் தாய் கேட்டுக்கொண்டதற்காக ஓய்வு எடுத்தார். பயிற்சிக் காலத்தில் அவர் ஓடிய மொத்தத் தூரம் 5,000 கிலோமீற்றருக்கும் மேல்.

இத்தனைக்கும் வீட்டாருக்கு அவர் முதலிற் சொன்னது, வன்கூவர் மரதனை ஓடப் பயில்கிறேன் என்பதே. 1979 செப்ரெம்பர் தொடக்கத்திற் பிரின்ஸ் ஜோர்ச் என்ற ஊரில் ஏறக்குறைய 27 கிலோமீற்றர் கொண்ட ஒரு போட்டியில் ஓடினார். எல்லோருக்கும் கடைசியாக வந்தார். அவருக்கு முன் வந்தவர் ஓடி முடித்துப் பத்து நிமிடங்கள் சென்றுவிட்டன. ஆனால் முடிவிடத்தில் நின்றவர்கள் கண்ணீரோடு கைதட்டி அவரை வரவேற்றனர். அதன் பிறகே உண்மை எண்ணத்தை வீட்டில் வெளியிட்டார். தாய் மறுத்தார். மகன் பிழைத்ததே போதும் என்று எண்ணாத தாய் எங்கேனும் உண்டோ? பிற்பாடு தாயும் உடன்பட்டு, பொருள் சேர்க்கும் வேலையில் அவரே முன்னின்றார்.

காலைப் பயிற்றிய அதே காலத்தில், கேட்பதற்கும் அவர் தம்மைப் பயிற்றினார் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 1979 ஒக்ரோபரிற் கனடியப் புற்றுநோய்ச் சங்கத்துக்குக் கடிதம் எழுதினார். சங்கத்தார் முதலில் நம்பவில்லை. வைத்தியரின் சான்றும், செலவைத் தாங்குவோரும் வேண்டும் என்றனர். அவர் சலியாது கம்பனிகளுக்கு எழுதினார். ஒரு கம்பனி வாகனம் தந்தது. ஒன்று எரிபொருள் தந்தது. மற்றொன்று சப்பாத்துத் தந்தது. ஆனால் தம் ஓட்டத்தை விளம்பரமாக்கி இலாபம் பெற எண்ணியவர்களை அவர் ஏற்கவில்லை. சேரும் பணம் ஆராய்ச்சிக்கே என்பதில் உறுதியாக நின்றார்.

நாளுக்கு ஒரு மரதன்

1980 ஏப்பிரல் 12 இல் நியூபவுண்லாந்தின் சென் ஜோன்ஸ் நகரில் அத்திலாந்திக் கடலிற் செயற்கைக் காலை நனைத்து ஓட்டத்தைத் தொடங்கினார். நண்பர் ஒருவர் வாகனத்தைச் செலுத்திச் சமையலும் செய்தார். அன்றாடம் ஓட எண்ணிய தூரம் ஒரு முழு மரதன். பனியிலும் மழையிலும் விடியுமுன் எழுந்து ஓடினார். தொடக்கத்தில் வீதியோரத்தில் நின்றவர் சிலரே. போட் ஓ பாஸ்க் என்ற சிற்றூரை அடைந்தபோது புதுமை ஒன்று நிகழ்ந்தது. ஏறக்குறைய 10,000 பேர் வாழும் அவ்வூரார் 10,000 டொலருக்கு மேற் சேர்த்து வைத்திருந்தனர். ஆளுக்கு ஒரு டொலர்! இந்தச் சிற்றூர் காட்டிய அளவையே நாடு முழுவதற்கும் அளவாகக் கொண்டு, கனடியர் ஒவ்வொருவரிடமும் ஒரு டொலர் கேட்கலாயினார்.

எவ்விடத்தும் இவ்வாறு நடக்கவில்லை. ஊரார் முன்கூட்டியே ஒழுங்கு செய்த இடங்களிற் பணம் குவிந்தது. ஒழுங்கு செய்யாத இடங்களில் வாகனங்கள் அவரைக் கடந்து சென்றன. கியூபெக் மாகாணத்திற் பிரெஞ்சு மொழி பேசுவோர்க்கு அவர் வருகையின் காரணம் தெரியவில்லை. அங்குச் சேர்ந்தது மிகச் சொற்பம். ஓடியவர் அவரே, ஓடிய கால்களும் அவையே. ஆயினும் கிடைத்தது ஊருக்கு ஊர் வேறுபட்டது. தருமத்துக்குப் பொருள் சேர்ப்போர் யாவரும் மனத்திற் பதிக்க வேண்டிய பாடம் இது. ஒன்ராறியோ மாகாணத்திற் சங்கத்தார் நன்கு முயன்றனர். யூலை 11 இல் ரொறன்ரோ நகர மண்டப முன்றிலில் 10,000 பேர் திரண்டனர். புற்றுநோயால் மகனை இழந்த ஹொட்டேல் அதிபர் இசடோர் சார்ப் மைலுக்கு 2 டொலர் தருவதாக வாக்களித்து, மற்றக் கம்பனிகளையும் அவ்வாறே செய்யத் தூண்டினார்.

செப்ரெம்பர் 1 இல் தண்டர்பே நகருக்கு அருகில் இருமலும் நெஞ்சுவலியும் அவரை நிறுத்தின. புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. 143 நாட்களில் 5,373 கிலோமீற்றர் ஓடியிருந்தார். அந்நாள் வரை சேர்ந்தது ஏறக்குறைய 17 இலட்சம் டொலர். ஒரு கிழமை சென்று தொலைக்காட்சியில் நடந்த ஒரே நிகழ்ச்சியில் 1 கோடி 5 இலட்சம் டொலர் கிடைத்தது. 1981 பெப்ருவரியில் மொத்தம் 2 கோடி 41 இலட்சத்தைத் தாண்டியது. அப்போதைய கனடாவின் மக்கள்தொகையும் ஏறக்குறைய அதுவே. ஆளுக்கு ஒரு டொலர் என்ற கனவு அவர் கண்முன்னே நிறைவேறியது. 1981 யூன் 28 இல், 23 வயது நிறைவதற்கு ஒரு மாதம் இருக்கையில், அவர் மறைந்தார்.

அவர் கரையை அடையவில்லை. எனினும் அவ்வோட்டம் நின்றுவிடவில்லை. 1981 செப்ரெம்பரில் அவர் பெயரால் நடந்த முதல் ஓட்டத்தில் 3 இலட்சம் பேர் பங்குபற்றி 35 இலட்சம் டொலர் சேர்த்தனர். அவ்வோட்டத்தில் முதலிடம், இரண்டாமிடம் என்பன இல்லை. ஓடலாம், நடக்கலாம். ஆண்டுதோறும் பல நாடுகளில் நடந்துவரும் இவ்வோட்டங்களாலும் அவர் பெயரிலுள்ள நிதியத்தாலும் இதுவரை புற்றுநோய் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தது 80 கோடி டொலருக்கும் அதிகம்.

சாதாரணர்க்கும் திறந்த கதவு

அதே 1981 ஆம் ஆண்டு மார்ச்சு 29 இல் இலண்டன் மரதன் முதன்முறையாக நடந்தது. அதனை நிறுவியவருள் ஒருவர் கிறிஸ் பிராசர். 1956 மெல்பேண் ஒலிம்பிக்கிற் தங்கப்பதக்கம் பெற்றவர். 1979 இல் நியூயோர்க் மரதனில் ஓடி, பல இனத்தவரும் பல தொழிலினரும் ஒன்றாக ஓடிய காட்சியில் மனம் பறிகொடுத்து, தம் நகரிலும் அதனை நடத்த விரும்பினார். முதல் ஓட்டத்தில் முன்னணியில் வந்த அமெரிக்கர் ஒருவரும் நோர்வேக்காரர் ஒருவரும் ஒருவரையொருவர் முந்தாது கைகோத்து முடிவுக் கோட்டைக் கடந்தனர். தொடர்ந்து, தரும நிலையங்களுக்காக ஓடுவது அங்கே பெருவழக்காயிற்று. 2024 ஆம் ஆண்டின் ஓட்டத்தில் மட்டும் சேர்ந்தது 7 கோடிப் பவுணுக்கு மேல்.

அமெரிக்காவில் மற்றொரு முறை தோன்றியது. புறூஸ் கிளிலண்ட் என்பவரின் சிறுமகள் இரத்தப் புற்றுநோயால் வருந்தினாள். அவர் 38 பேரைச் சேர்த்து 1988 இல் நியூயோர்க் மரதனில் ஓடச் செய்து, இரத்தப் புற்றுநோய்ச் சங்கத்துக்கு 3 இலட்சத்து 22 ஆயிரம் டொலர் திரட்டினார். அதிலிருந்து வளர்ந்த இயக்கத்துக்குப் ‘பயிற்சியிலுள்ள குழு’ என்ற கருத்தில் ஆங்கிலப் பெயர் வைத்தனர். பெயரே அதன் தத்துவத்தைக் கூறுகிறது. முன்பு ஓடியறியாதவர் வந்து சேரலாம். சங்கம் அவருக்குப் பயிற்றாசிரியரையும் பயிற்சி அட்டவணையையும் உடன் ஓடத் துணைவரையும் அளிக்கும். அவர் தம் உறவினரிடமும் அயலாரிடமும் பொருள் சேர்த்து அளிப்பார். காலுக்குப் பயிற்சியும் கேட்டலுக்குப் பயிற்சியும் ஒரே கூரையின்கீழ் வந்தன. இதனால் முதல் மரதன் என்பது சாதாரண எழுதுவினைஞருக்கும் ஆசிரியைக்கும் கைக்கெட்டியதாயிற்று.

அப்பயிற்சியின் இயல்பைச் சிறிது நோக்குவோம். ஓரளவு ஓடிப் பழகியவர்க்கும் முதல் மரதனுக்கு 16 முதல் 20 கிழமை வேண்டும். கிழமையில் மூன்று நான்கு நாட் சிற்றோட்டம். ஒரு நாள் நெடிய ஓட்டம். நெடிய ஓட்டத்தின் தூரத்தைச் சிறிது சிறிதாக உயர்த்தி 30 கிலோமீற்றர் வரை கொண்டுவந்து, கடைசி இரண்டு மூன்று கிழமைகளில் குறைத்து உடலை ஆற விடுவர். நம் தசையிலும் ஈரலிலும் சேமித்து வைக்கப்பட்ட மாச்சத்து ஏறக்குறைய 30 கிலோமீற்றர் அளவில் தீர்ந்துபோகும். அப்போது கால் ஈயம்போற் கனக்கும், மனமும் தளரும். நெடிய ஓட்டங்கள் உடலைக் கொழுப்பை எரிக்கப் பழக்கி, அந்த வேளையைத் தாங்க வைக்கின்றன. நமது நாட்டு வெப்பத்தில் விடியுமுன் ஓடுவதும், நீரோடு உப்பும் அளவாகக் கொள்வதும், முதலில் வைத்தியரைக் கண்டு ஆலோசனை பெறுவதும் இன்றியமையாதன.

ஓடாமலே கொடுக்கலாகாதா?

இங்கே பெரியோர் சிலர் ஒரு கேள்வி எழுப்புவர். “நோயாளிக்குப் பணம் வேண்டுமானால் நேரே கேளுங்கள், நாம் தருகிறோம். நீங்கள் வியர்த்து ஓடுவதால் நோயாளியின் வேதனை ஒரு துளியேனும் குறையுமா?” என்பர். நியாயமான கேள்வியே. ஓட்டம் நோயைக் குணப்படுத்துவதில்லை. உண்மையிற் கொடுக்க மனமுள்ளவர்க்கு எவரும் ஓடிக் காட்ட வேண்டியதுமில்லை.

ஆனால் இதனைக் கேட்பவன் பக்கமிருந்தும் பார்த்தல் வேண்டும். வெறுங்கையோடு சென்று மற்றவர் உழைத்த பணத்தைக் கேட்பவனிடம், நீ என்ன கொடுத்தாய் என்று வினவ எவருக்கும் உரிமை உண்டு. ஆறு மாதம் விடியுமுன் எழுந்தவன் அவ்வினாவுக்கு விடை கூறத் தேவையில்லை. அவன் உழைப்பே விடை கூறும். நம்மூரில் பிடியரிசி சேர்த்த வழக்கத்தை முதியோர் அறிவர். ஒவ்வொரு நாளும் உலையிலிடுமுன் ஒரு பிடியை எடுத்து வைத்த குடும்பத்துக்கு, அந்த அரிசியினாற் கட்டிய பாடசாலை தன்னுடையது என்ற உரிமை வந்துவிடும். தினந்தோறும் எடுத்து வைக்கும் அந்தப் பிடிபோன்றதே தினந்தோறும் ஓடும் மைலும். ஒரே நாளிற் கொடுத்த பெருந்தொகையை மறந்துவிடலாம். பல நாட் சேர்த்த சிறு தொகையை மறப்பது அரிது. நோயாளியைப் பற்றி ஒருமுறை இரங்கிய இளைஞனை, ஆறு மாதம் நாள்தோறும் அவனை நினைக்க வைப்பது இப்பயிற்சியே.

ஆயினும் இவ்வழியில் ஒரு பெரும் ஆபத்தும் உண்டு. ஓடுபவனின் படமும் பதக்கமும் முன்னே நிற்க, நோயாளி பின்னே மறைந்துபோகலாம். சேர்ந்த பணத்தின் பெரும்பகுதி சட்டைக்கும் பந்தலுக்கும் விருந்துக்கும் போய்விடலாம். அதற்குக் காவல் கணக்கு ஒன்றே. செலவைத் தனியாகத் தேடிக்கொண்டு, சேர்ந்ததை முழுதாக நோயாளருக்கே ஒப்படைத்து, சதம் பிசகாத கணக்கை ஊரறிய வைத்தல் வேண்டும். விளம்பர இலாபம் தேடியவரை ஏற்காத ரெறி பொக்சின் நேர்மையும், அவர் ஓடிய தூரத்துக்குச் சற்றும் குறைந்ததன்று.

நமது நாட்டின் வீதியில்

இவை யாவும் பிறநாட்டுக் கதைகள் என்று எண்ண வேண்டா. நமது இலங்கையிலும் கால்களே ஒரு வைத்தியசாலையை எழுப்பத் துணை நின்றன. வடபகுதியிற் புற்றுநோயுற்றோர் பலர் சிகிச்சைக்காக மகரகம வரை செல்ல வேண்டியிருந்த காலத்தை வாசகர் அறிவர். நெடுந்தூரப் பயணம், தங்குமிடச் செலவு, மொழி விளங்காத தவிப்பு ஆகியவை நோயினும் கொடியனவாயிருந்தன. போர் ஓய்ந்து ஈராண்டின் பின், 2011 யூலையில், தென்கோடியிலுள்ள தெய்வேந்திரமுனையிலிருந்து வடகோடியிலுள்ள பருத்தித்துறை வரை ஏறக்குறைய 670 கிலோமீற்றரை 27 நாட்களில் நடந்தனர் ஒரு குழுவினர். தெல்லிப்பழையிற் புற்றுநோய் வைத்தியசாலை அமைப்பதற்குப் பொருள் திரட்டுவதே அந்நடையின் நோக்கம். வழியெங்கும் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் உடன் நடந்தனர். பாடசாலைப் பிள்ளைகள் உண்டியலைக் கொண்டுவந்து கொடுத்தனர். 2013 இல் வைத்தியசாலை திறக்கப்பட்டது. 2016 இல் மீண்டும் ஒரு நடை, இம்முறை பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனைக்கு, காலி கராப்பிட்டியவிற் புற்றுநோய்ச் சிகிச்சைக்காக. தெற்கு வடக்குக்காக நடந்தது; பின்னர் வடக்கிலிருந்து தெற்குக்காக நடந்தனர். கடன் தீர்த்தது எனலாமோ? அன்று, நோய்க்குத் திசை இல்லை என்பதை இரண்டு நடைகளும் எடுத்துரைத்தன என்பதே பொருத்தம்.

ஆகவே, இளைஞர்காள்! முழு மரதனை முடிக்க இயலாதவர் பாதியை ஓடுக. அதுவும் இயலாதவர் நடக்க. முதலிடம் நம் நோக்கமன்று. பிரின்ஸ் ஜோர்ச்சிற் கடைசியாக வந்தவரே ஒரு நாட்டையே அசைத்தார். ஆனால் பயிற்சியின்றி இறங்க வேண்டா; கணக்கின்றிக் கேட்க வேண்டா. பெரியோர்களே! விடியற்காலையில் ஒழுங்கையால் ஓடும் பிள்ளையைக் கண்டால் ஒரு வாய் தண்ணீர் கொடுங்கள். அவன் பின்னொரு நாள் பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு உங்கள் படலையில் வந்து நிற்கும்போது, அவன் கேட்பது தனக்கன்று என்பதையும், கேட்பதற்கு முன்னரே தன் பங்கை அவன் கொடுத்துவிட்டான் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.